பட்டறையில் பிறக்கும் அழுத்தப் பொறி

(கிராமத் தொழில் முனைவோருக்கான பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

1929ஆம் ஆண்டில் அகில இந்திய சர்க்கா சங்கம் ஒரு பரிசுப் போட்டியை அறிவித்தது. மேம்பட்ட கைராட்டை ஒன்றை வடிவமைத்துத் தருபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு. அந்நாளில் அது மிகப் பெரிய தொகை. எனினும் பரிசுத் தொகையைக் காட்டிலும் போட்டியின் நிபந்தனைகளே இன்றும் கருத்தூன்றிப் படிக்கத்தக்கவை. ராட்டை சாதாரணக் கிராமக் குடிசையில் கையாலோ காலாலோ இயங்க வேண்டும்; அதன் விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது; முறையாகப் பேணி வந்தால் அது 20 ஆண்டுகள் உழைக்க வேண்டும். பரிசை எவரும் பெறவில்லை. ஆனால், ஒரு பொறியை மதிப்பிடுவதற்கு உரிய மூன்று கேள்விகளை அந்த அறிவிப்பு நாட்டிற்கு விட்டுச் சென்றது. பொறியை இயக்கப் போகிறவர் யார்? அதை வாங்க அவரால் இயலுமா? பழுதுபட்டால் அதைச் சீர் செய்பவர் யார்?

இம்மூன்று கேள்விகளையும் இன்று வேறொரு பொறியிடம் கேட்டுப் பார்ப்பது பயனுடையதாகும். அது வெப்பமூட்டப்பட்ட நீரியல் அழுத்தப் பொறி. பட்டறை வழக்கில் ஹைட்ராலிக் ஹாட் பிரஸ். பெயர் பெரியதாக இருப்பினும் அமைப்பு எளிது. உறுதியான இரும்புச் சட்டம் ஒன்று, அதனுள் சூடேறும் இரு தட்டுகள், அவற்றை நெருக்கி அழுத்தும் எண்ணெய் ஜாக்கி ஒன்று ஆகிய இம்மூன்றின் சேர்க்கையே அது. வெல்டிங் தெரிந்த ஒருவர், கடைசல் பட்டறை ஒன்று, மின்பணி அறிந்த ஒருவர் ஆகியோர் உள்ள எந்தச் சிற்றூரிலும் இதைச் செய்துவிட முடியும். செய்ய முடியும் என்பதாலேயே செய்துவிடலாமா என்பதுதான் ஆராய வேண்டிய செய்தி.

தேவை எங்கே எழுந்தது?

2021 ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி ஒரு முறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி முதலியவற்றிற்கு 2022 ஜூலை 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே கர்நாடகத்தின் பாக்குத் தோப்புகளில் மட்டைத் தட்டு செய்யும் தொழில் வேரூன்றியிருந்தது. நாட்டில் பாக்கு விளைச்சலில் முதலிடம் வகிப்பது அம்மாநிலமே. மரத்திலிருந்து தானே உதிரும் மட்டை ஒரு காலத்தில் எரிபொருளாகவும் எருவாகவும் மட்டுமே பயன்பட்டது. அதைக் கழுவி, நீரில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, நீரை வடித்துவிட்டுச் சூடான இரு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தினால் தட்டாகிறது. பசையோ சாயமோ தேவையில்லை. ஈரமும் வெப்பமும் நாரை இளக்குகின்றன. அழுத்தம் உருவம் தருகிறது. ஈரம் வெளியேறியதும் அவ்வுருவம் நிலைபெறுகிறது.

ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டக் காடுகளை ஒட்டிய சிற்றூர்களில் சால் மரத்து இலைகளைத் தைத்துத் தட்டாக்கும் பெண்களுக்கும் இதே பொறி உதவுகிறது. தமிழ்நாட்டார் நன்கறிந்த தையல் இலையின் வடநாட்டுச் சகோதரி இது. தைத்த இலையைச் சூட்டில் அழுத்தினால் அது விறைப்பும் குழிவும் பெறுகிறது. சந்தையில் அதன் மதிப்பு உயர்கிறது.

ஆக, பொறிக்குத் தேவை இருக்கிறது. ஆனால் கடன் வாங்கிப் பொறி வாங்கிய ஒரு மகளிர் குழுவின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். நிமிடத்திற்கு ஒரு தட்டு என்று கணக்கிட்டால் ஆறு மணி நேர வேலையில் 360 தட்டுகள் வரும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதுபட்டு, விற்ற நிறுவனத்தின் பணியாளர் வருவதற்குப் பத்து நாள் ஆகுமெனில் 3,600 தட்டுகள் இல்லாமற் போகின்றன. மழை தொடங்கிவிட்டால் நனைந்த மட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். கடன் தவணையோ மழையையும் பார்ப்பதில்லை, பழுதையும் பார்ப்பதில்லை. உள்ளூரிலேயே பொறியைச் செய்வதன் உண்மையான ஆதாயம் விலைக்குறைவு அன்று. பழுதைத் தானே நீக்கிக்கொள்ளும் ஆற்றலே ஆகும்.

சிறு விசை பெரு விசையாவது எப்படி?

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. அதை வேலை செய்யும் பொறியாக்கி 1795இல் உரிமம் பெற்றவர் இங்கிலாந்தில் பூட்டுத் தொழில் செய்து வந்த ஜோசப் பிராமா. பெரிய தண்டைச் சுற்றி நீர் கசிவதே அவருக்கு நேர்ந்த பெருந்தடை. அவருடைய பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே வளைந்த தோல் வளையம் ஒன்றால் அதைத் தீர்த்தார் என்று வழங்குகிறது. அழுத்தம் ஏற ஏறத் தண்டை மேலும் இறுகப் பற்றும் வளையம் அது. இன்றும் ஜாக்கியின் உயிர்நாடி அதன் சீல்தான்.

மோட்டார் பட்டறையில் காணப்படும் 20 டன் ஜாக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பெரிய தண்டின் விட்டம் 60 மி.மீ., பம்பின் சிறு தண்டு 12 மி.மீ. எனில் விட்டம் ஐந்து மடங்கு. ஆகவே பரப்பு 25 மடங்கு. கைப்பிடி நெம்புகோல் 16 மடங்கு பெருக்கித் தருவதாகக் கொண்டால், கையால் தரும் 25 கிலோ விசை முதலில் 400 கிலோவாகிறது. பின்னர் 10,000 கிலோவாகிறது. உராய்வால் ஏற்படும் இழப்பைத் தள்ளிவிட்டால் இது பத்து டன். ஜாக்கியினுள் அப்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் சுமார் 350 கிலோ அழுத்தம் நிலவுகிறது. கார் டயரினுள் இருப்பது சுமார் இரண்டு கிலோதான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், இது விளையாட்டுப் பொருளன்று என்பது விளங்கும்.

விசை வேறு, அழுத்தம் வேறு என்பதையும் மறத்தலாகாது. 25 செ.மீ. விட்டமுள்ள தட்டின் பரப்பு சுமார் 490 ச.செ.மீ. பத்து டன் விசை அதன் மீது பரவும்போது ச.செ.மீ.க்கு 20 கிலோ அளவே கிடைக்கும். அதே விசையை 10 செ.மீ. கிண்ணத்தின் மீது செலுத்தினால் ஏறத்தாழ 127 கிலோ. பெரிய தட்டுக்குச் சரியாக இருக்கும் விசை, சிறிய கிண்ணத்தின் மட்டையைக் கிழித்துவிடலாம். ஆகவே ஜாக்கியில் அழுத்தமானி பொருத்துவது ஆடம்பரம் அன்று. அது இன்றியமையாத தேவை.

சட்டம்: காகிதத்தில் முதலில்

பொறியை வடிவமைப்போர் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுண்டு. வேலைக்குப் பத்து டன் போதும் என்று கருதிப் பத்து டன்னைத் தாங்கும் சட்டத்தைச் செய்து, அதில் 20 டன் ஜாக்கியைப் பொருத்திவிடுவர். என்றோ ஒரு நாள், அச்சு சரியாகப் பொருந்தாதபோது, எவரேனும் கைப்பிடியை மேலும் நான்கு முறை அடிப்பார். சட்டம் தாங்க வேண்டியது தேவைப்படும் விசையை அன்று. ஜாக்கி தரக்கூடிய முழு விசையையே ஆகும்.

இதற்கான கணக்கு ஐ.டி.ஐ. மாணவர் போடக்கூடியதே. மேல் விட்டத்தின் நீளம், தாங்கிகளுக்கிடையே, 50 செ.மீ. நடுவில் 20,000 கிலோ சுமை. சுமையை நீளத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் வளைக்கும் திருப்புத்திறன் 2,50,000 கிலோ-செ.மீ. 150 மி.மீ. உயரமுள்ள தரப்படுத்தப்பட்ட இரும்புச் சானல்கள் இரண்டை முதுகோடு முதுகாக வைத்தால், வளைவைத் தாங்குவதற்கு அட்டவணை தரும் எண் இரண்டிற்குமாகச் சுமார் 208. வகுத்தால், இரும்பில் எழும் தகைவு ச.செ.மீ.க்கு சுமார் 1,200 கிலோ. சாதாரணக் கட்டுமான இரும்பு நிலையாக வளைந்துவிடும் எல்லை சுமார் 2,500 கிலோ. அதாவது இருமடங்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஜாக்கி அமரும் இடத்தில் இரு சானல்களையும் இணைக்கும் தடித்த தகடு வேண்டும். இல்லையேல் சுமை சானல்களின் விளிம்பில் விழும்.

மேல், கீழ் விட்டங்களை இணைக்க 30 மி.மீ. மரையிட்ட தண்டுகள் நான்கு போதும். தண்டுக்கு ஐந்து டன் வீதம், மரையின் அடிப்பகுதியில் தகைவு ச.செ.மீ.க்கு சுமார் 890 கிலோவாகிறது. அச்சு ஓரமாக வைக்கப்பட்டு இரண்டு தண்டுகளே முழுச் சுமையையும் ஏற்க நேர்ந்தாலும் எல்லை மீறாது. நட்டு போல்ட்டால் இணைத்த சட்டத்திற்கு மற்றொரு நன்மையும் உண்டு. வெல்டிங்கின் உட்குறையைக் கண்ணால் காண முடியாது. தளர்ந்த நட்டைக் காண முடியும்.

சாதாரண ஜாக்கி நிமிர்ந்த நிலையில் மட்டுமே சரிவர வேலை செய்யும். தலைகீழாக வைத்தால் பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும். ஆகவே ஜாக்கியைக் கீழே வைத்துக் கீழ்த் தட்டை மேலே தள்ளுவதே முறை. அழுத்தம் விட்டதும் தட்டு இறங்குவதற்கு இருபுறமும் வில்சுருள்கள் வேண்டும்.

வெப்பம்

30 செ.மீ. சதுரமும் 2.5 செ.மீ. தடிப்பும் உள்ள அலுமினியத் தட்டின் எடை சுமார் 6 கிலோ. அதே அளவு இரும்புத் தட்டு சுமார் 18 கிலோ. ஒரு கிலோவாட் வெப்பமூட்டியால் 100 டிகிரி வெப்பம் உயர்த்த அலுமினியத்திற்குச் சுமார் 9 நிமிடமும் இரும்பிற்குச் சுமார் 14 நிமிடமும் ஆகும். வெளியே வீணாகும் வெப்பம் இதில் சேரவில்லை. அலுமினியம் வெப்பத்தை இரும்பைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு எளிதில் கடத்துவதால் தட்டு முழுவதும் ஒரே சூடு நிலவும். ஓரம் கருகி நடுவில் ஈரம் தங்கும் குறை நேராது.

கிராமத்து மின்சாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 230 வோல்ட்டுக்கு உரிய வெப்பமூட்டிக்கு 180 வோல்ட்டே வந்தால், அதன் திறன் வோல்ட்டின் இருபடி வீதத்தில் குறைந்து 61 விழுக்காடாகிவிடும். தட்டு சூடேறவில்லையே என்று பொறியைக் குறை கூறுவோர் முதலில் வோல்ட்மானியைப் பார்த்தல் நலம்.

சூட்டுத் தட்டிற்கும் ஜாக்கிக்கும் இடையே வெப்பம் கடத்தாப் பலகை கட்டாயம். சூடு இறங்கினால் ரப்பர் சீல் இறுகி வெடித்து எண்ணெய் கசியும். பழைய பட்டறைகளில் இதற்கு ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுத்து வைப்பது வழக்கம். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் விளைவிக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டிருப்பதால், அதைத் தொடுதலே கூடாது. கால்சியம் சிலிக்கேட் பலகை அதே வேலையைச் செய்யும்.

கைகளின் கணக்கு

விலை மலிவு என்ற வாதத்தில் விட்டுப்போகும் கணக்கு ஒன்றுண்டு. அது இயக்குபவரின் உடல் பற்றியது. பம்பின் சிறு தண்டு 25 மி.மீ. நகர்ந்தால் பெரிய தண்டு ஒரு மி.மீ. மட்டுமே உயரும், விசையில் பெற்றதைத் தூரத்தில் இழக்கத்தான் வேண்டும். மட்டையை வைத்து எடுப்பதற்கு அச்சுகளுக்கிடையே ஐந்து செ.மீ. இடைவெளி வேண்டுமெனில், ஒரு தட்டுக்கு 50 முறை கைப்பிடியை அடிக்க வேண்டும். நாளைக்கு 360 தட்டுகள் என்றால் 18,000 முறை. எந்தத் தொழிலாளியின் தோளும் இதைத் தாங்காது. எந்த ஜாக்கியின் சீலும் நெடுநாள் தாங்காது.

எனவே கை ஜாக்கி பொருத்திய பொறி சோதனைக்கும், பயிற்சிக்கும், நாளொன்றுக்குச் சில முறையே அழுத்த வேண்டிய வேலைகளுக்கும் உரியது. ரப்பர் வார்ப்பு, பழைய பிளாஸ்டிக்கைப் பலகையாக்குதல் முதலியன இவ்வகையின. நெதர்லாந்தில் டேவ் ஹாக்கன்ஸ் 2013இல் தொடங்கிய பிளாஸ்டிக் மறுபயன்பாட்டு இயக்கம் இத்தகைய பொறிகளின் வரைபடங்களை உலகிற்குத் திறந்து வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது. பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கைச் சூடேற்றினால் நச்சு வாயு எழுமாதலால் அதை மட்டும் விலக்கி வைக்க வேண்டும்.

நாள்தோறும் நூற்றுக்கணக்கில் தட்டு செய்வதற்கு ஜாக்கியை நீக்கிவிட்டு, அதே சட்டத்தில் 100 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரையும் சுமார் இரண்டு குதிரைத்திறன் மோட்டார் பம்பையும் பொருத்தலாம். பத்து டன்னுக்கு ச.செ.மீ.க்கு 127 கிலோ அழுத்தமே போதும். சீல்கள் நீடித்து உழைக்கும். அழுத்தம் வரம்பு மீறாமல் காக்கும் விடுவிப்பு வால்வும் இதில் அமையும். சட்டத்தை முதலிலேயே முறையாகக் கணக்கிட்டுச் செய்தவருக்கு இம்மாற்றம் எளிது. முதலீட்டை ஒரே நாளில் முடக்காமல், சந்தை வளர வளரப் பொறியையும் வளர்க்கலாம் என்பதே இதிலுள்ள பொருளாதாரம்.

விட்டுக்கொடுக்க முடியாதவை

சிக்கனம் செய்யக் கூடாத இடங்கள் சில உள்ளன. மோட்டார் பொருத்திய பொறியில் இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினால் மட்டுமே அச்சு மூடும் ஏற்பாடு வேண்டும். ஒரு கை அச்சினுள் இருக்கையில் மறு கை பொத்தானை அழுத்திவிடுவதே விரல் இழப்பிற்குக் காரணமாகும். ஈரக் கைகளால் வேலை செய்யும் இடமாதலின் எர்த் எனப்படும் நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் கட்டாயம். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால், தட்டு இடைவிடாது சூடேறும். அதைத் தடுக்கத் தனியே ஒரு வெப்ப உருகி வேண்டும். குழாயில் ஊசி முனையளவு துளை விழுந்தால் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். கசிவை விரலால் தடவிப் பார்க்கலாகாது; அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். அத்தகைய காயம் சிறு புள்ளியாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய ஒன்று. ஈர மட்டையில் நீராவி அடைபட்டிருக்குமாதலால், அழுத்தத்தைச் சிறிது தளர்த்தி ஆவியை வெளியேற்றிய பின்னரே அச்சை முழுதும் திறக்க வேண்டும்.

சட்டம், வழிகாட்டித் தண்டுகள், அச்சு ஆகியவற்றை உள்ளூரில் செய்யலாம். சிலிண்டர், வால்வு, குழாய், மின் பாதுகாப்புச் சாதனங்கள் ஆகியவற்றைத் தர முத்திரை பார்த்து வாங்கவே வேண்டும். தற்சார்பு என்பது எல்லாவற்றையும் தானே செய்வதன்று; எதைச் செய்வது, எதை வாங்குவது என்பதைத் தானே தீர்மானிப்பதாகும்.

ஒரே பொருளை நம்பலாமா?

2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்கு மட்டைத் தட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. பாக்கிற்குரிய ஆல்கலாய்டுகள் தட்டிலிருந்து உணவில் கலக்கக்கூடும் என்று கூறி, அவற்றைப் பயன்படுத்த வேண்டாமென அந்நாட்டு வணிகர்களுக்கு அது அறிவுறுத்தியது. ஏற்றுமதியையே நம்பியிருந்த சிறு உற்பத்தியாளருக்கு இது பேரிடி. பொருளின் பாதுகாப்பை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது இனித் தவிர்க்க முடியாத கடமை. அதே வேளையில், ஒரே அச்சோடு இறுகப் பிணைக்கப்பட்ட பொறியை வாங்கியவரின் நிலையையும், அச்சை மாற்றிக்கொள்ளத்தக்க பொறியைச் செய்தவரின் நிலையையும் ஒப்பிட வேண்டும். முன்னவருக்குப் பொருள் போனால் பொறியும் போயிற்று. பின்னவர் வேறு இலையையோ வேறு பொருளையோ நாடலாம். தானே செய்தவருக்கு அதை மாற்றியமைக்கவும் தெரியும்.

அரசும் வங்கிகளும் இங்கே ஆற்ற வேண்டிய பணி உண்டு. 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவை கிராமத் தொழில் முனைவோருக்குக் கடனோடு மானியமும் சேர்ந்து கிடைக்க வழி செய்தன. ஆனால் வங்கிகள் பொதுவாகக் கேட்பது பொறி விற்பவரின் விலைப்புள்ளி. சானலுக்கும் சிலிண்டருக்கும் வெல்டர் கூலிக்கும் அத்தகைய ஒற்றைத் தாள் கிடையாது. அதனால், கடையில் வாங்கும் பொறிக்குக் கடன் எளிதாகவும், பட்டறையில் பிறக்கும் பொறிக்கு அரிதாகவும் அமைந்துவிடுகிறது. அருகிலுள்ள பாலிடெக்னிக் வரைபடத்தைச் சரிபார்த்து, முடிந்த பொறியைச் சுமையேற்றிச் சோதித்துச் சான்றளிக்குமாயின், அச்சான்றையும் பொருட்களின் பட்டியலையும் விலைப்புள்ளிக்கு ஈடாக ஏற்பதில் தடை இருக்க வேண்டியதில்லை. கணக்கின்றிச் செய்யப்படும் ஆபத்தான பொறிகளையும் இந்த ஏற்பாடே வடிகட்டிவிடும்.

1929இன் கேள்விகளுக்கு மீண்டும் வருவோமாயின், விடைகள் இப்போது தெளிவாகின்றன. இயக்கப் போகிறவரின் தோளையும் விரலையும் கணக்கில் கொள்ளாத பொறி எத்துணை மலிவாயினும் விலை மிக்கதே. முதலீட்டைப் படிப்படியாகப் பெருக்க இடம் தரும் பொறியே ஏழைக்கு ஏற்றது. பழுது நீக்கும் அறிவு ஊருக்குள்ளேயே இருக்குமானால், பத்து நாள் நின்றிருக்கக்கூடிய பொறி மறுநாள் காலையிலேயே மீண்டும் சூடேறத் தொடங்கும். அந்த அறிவை வளர்க்க முதலில் வேண்டுவது இரும்பு அன்று. ஒரு தாளும் பென்சிலும், கணக்கைச் சரிபார்க்கும் பொறுமையுமே.